செயின்ட் கில்டா படகுப் பயணம்: ஐந்துக்கு நான்கு, குறைத்த ஒன்று அந்த இடுகாட்டுக்காக

செயின்ட் கில்டா என்பது ஸ்காட்லாந்துக்கு மேற்கே அட்லாண்டிக்கில், 1930இல் ஊரே காலி செய்துபோன ஒரு தீவுக்கூட்டம். முதலில் பணத்தைப் பேசிவிடுவோம், எல்லோரும் கேட்பது அதைத்தான். ஆளுக்கு இருநூறு பவுண்டுக்கு மேல் ஆகும். சாப்பாடு கிடையாது, டீயும் பிஸ்கட்டும் உண்டு. போக ஏறத்தாழ மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம், தீவில் நாலு மணி நேரம். கடல் சரியில்லை என்றால் படகு கிளம்பாது. அதனால் டிக்கெட் எடுக்கும்போதே அடுத்த நாளையும் காலியாக வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். எங்களுக்கு முதல் நாள் ரத்தாகி இரண்டாம் நாள்தான் வாய்த்தது, அதுவும் காலை ஆறரை மணிக்கு கேப்டன் போன் செய்து "வாங்க, போயிடலாம்" என்று சொன்ன பிறகுதான் நம்பினோம். நடத்துபவர்களின் பெயரைப் போடவில்லை. கீழே ஒரு புகார் வருகிறது, அது ஒரு தனி மனிதரைப் பற்றியது, அவர் பிழைப்பில் கை வைக்க விருப்பமில்லை. கோடையில் இந்தச் சவாரியை நாலைந்து பேர் நடத்துகிறார்கள், தேடினால் கிடைத்துவிடும்.

நான் கிளாஸ்கோவில் பச்சிளங்குழந்தைகள் வார்டில் நர்ஸ். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பெரும்பாலானவர்கள் செயின்ட் கில்டாவுக்குப் போவது பறவை பார்க்க. என் கணவரும் அதற்காகத்தான் வந்தார், கழுத்தில் ஒரு கிலோ லென்ஸோடு. நான் போனது வேறு ஒரு காரணத்துக்காக. அந்தத் தீவில் பிறந்த குழந்தைகள் எட்டாம் நாள் செத்துப்போவார்கள் என்று பல வருடம் முன்பு எங்கள் வகுப்பில் ஒரு டாக்டர் போகிற போக்கில் சொன்னார். அது மனதில் ஒட்டிக்கொண்டது.

வழி: கிளாஸ்கோவிலிருந்து ஸ்கை தீவு வரை கார், ஊய்க் துறையில் ஃபெர்ரி ஏறி ஹாரிஸ் தீவின் டார்பெர்ட், அங்கிருந்து லெவர்பரோ. ஸ்கையிலிருந்தே நேராகப் போகிற படகும் இருக்கிறது, ஆனால் கடலில் கூடுதல் நேரம். வயிறு லேசானவர்கள் ஹாரிஸிலிருந்து போங்கள். வாந்தி மாத்திரையைப் படகு ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போட்டுவிட வேண்டும். கடலில் போய்ப் போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வரும், கண்ணால் பார்த்தேன், பாவம் அந்த ஜெர்மன்காரர்.

செயின்ட் கில்டா, ஹாரிஸ் இருக்கிற வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளுக்கும் மேற்கே ஏறத்தாழ 65 கிலோமீட்டர், நட்ட நடு அட்லாண்டிக்கில். ஒன்றரை மணி நேரம் எதுவுமே தெரியாது. பிறகு மூன்று பல் முளைத்த மாதிரி தூரத்தில் ஏதோ தெரியும், கிட்டே போகப் போக அது மேகத்துக்குள் ஏறும் சுவராகிவிடும். ஸ்டாக் அன் ஆர்மின் என்ற பாறைத்தூண் மட்டுமே 196 மீட்டர். 1727இல் மூன்று ஆண்களையும் எட்டுச் சிறுவர்களையும் பறவை பிடிக்க அந்தப் பாறையில் இறக்கிவிட்டுப் போன படகு திரும்பி வரவே இல்லை. தீவில் பெரியம்மை பரவி, படகைச் செலுத்த ஆளில்லாமல் போய்விட்டது. அந்தப் பதினொரு பேரும் குளிர்காலம் முழுக்கப் பாறையிலேயே கிடந்து, அடுத்த வருடம் ஊருக்குத் திரும்பியபோது ஊரில் பெரும்பாலானவர்கள் இல்லை. இந்தக் கதையை எங்கள் வழிகாட்டி அருமையாகச் சொன்னார். அந்தப் பாறையைப் பார்த்துக்கொண்டே கேட்டபோது படகில் ஒருத்தர் மூச்சு விடவில்லை. கதை சொல்லத் தெரிந்த ஆள்தான், அதில் குறை வைக்க முடியாது.

இறங்குவது ஒரு சர்க்கஸ். பெரிய படகு வில்லேஜ் பே விரிகுடாவில் நங்கூரம் போட்டு நிற்கும், ரப்பர் படகில் ஆறேழு பேராகக் கரைக்குக் கொண்டுபோவார்கள், அது ஏறி இறங்கும்போது சரியான நொடி பார்த்துப் படிக்கட்டில் கால் வைக்க வேண்டும். முட்டி வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். ஏறுவதற்கு முன் பையைத் திறந்து பார்க்கச் சொன்னார்கள். வெடிகுண்டுக்கு இல்லை, எலிக்கு! ஒரு கர்ப்பிணி எலி தப்பித்தவறிப் போய்விட்டால் லட்சக்கணக்கான பறவைகளின் முட்டைகளுக்கு ஆபத்து. கரையில் தேசிய அறக்கட்டளையின் காவலர் ஒருவர் வரவேற்று, எங்கே நடக்கலாம், எங்கே கூடாது என்று சொன்னார். தீவு 1957 முதல் அவர்கள் கையில் இருக்கிறது. யுனெஸ்கோ இதை இயற்கைக்காகவும் பண்பாட்டுக்காகவும் சேர்த்தே உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்திருக்கிறது, அந்த இரட்டைப் பட்டம் அதிகம் இடங்களுக்குக் கிடையாது. பக்கத்திலேயே ராணுவத்தின் ரேடார் நிலையக் கட்டடங்கள் இருக்கின்றன. போட்டோவில் யாரும் அதைக் காட்ட மாட்டார்கள், ஏமாற வேண்டாம்.

ஊர் என்பது ஒரே ஒரு தெரு. வளைந்து போகிறது, கடலைப் பார்த்தபடி, 1860களில் கட்டிய 16 வீடுகள். சிலவற்றுக்குக் கூரை போட்டிருக்கிறார்கள், மற்றவை சுவர் மட்டும். கூரையில்லாத வீடுகளில் அடுப்பு இருந்த இடத்தில் கடைசியாகக் குடியிருந்தவரின் பெயர் எழுதிய பலகைக்கல் வைத்திருக்கிறார்கள். மூன்றாம் எண் வீடு அருங்காட்சியகம். சின்னதுதான், ஆனால் நாற்பது பேர் ஒரே நேரத்தில் நுழைந்தால் யாருக்கும் எதுவும் தெரியாது, கூட்டம் கலையட்டும் என்று காத்திருந்து போங்கள். தெருவுக்குப் பின்னால் மலை முழுக்க கிளீட் என்று சொல்லும் கல் குதிர்கள், மேலே புல் போர்த்தியவை, ஹிர்ட்டாவில், அதாவது நாங்கள் இறங்கிய இந்தப் பெரிய தீவில் மட்டும் ஆயிரத்துக்கு மேல். காற்று உள்ளே புகுந்து போகும்படி கல்லை இடைவெளி விட்டு அடுக்கியிருக்கிறார்கள், பறவை இறைச்சி காயவைக்க. நம் ஊரில் கருவாடு காயவைக்க வெயில் இருக்கிறது, அவர்களுக்குக் காற்று மட்டும்தான்.

அந்த ஊர் பறவையால் வாழ்ந்தது. சாப்பாடு பறவை, வாடகை இறகு, விளக்குக்குப் பறவை எண்ணெய், மருந்தும் அதே எண்ணெய். அந்த எண்ணெய் ஃபுல்மார் என்ற கடல் பறவையிலிருந்து வருவது. கிட்டே போனால் வயிற்றிலிருக்கும் எண்ணெயைப் பீய்ச்சித் துப்பும், அதுதான் அதற்கு ஆயுதம். எங்களவர் அதை நம்பாமல் ஒரு சுவரோரக் குஞ்சைப் படம் எடுக்கக் குனிந்தார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். அவர் விலகிவிட்டார், என் வலது கை ஜாக்கெட் முழங்கை வரை நனைந்தது. மஞ்சள் நிறம், வெதுவெதுப்பு. நாற்றத்தைச் சொல்ல வேண்டுமென்றால், பழைய மீனெண்ணெய் மாத்திரை ஒரு டப்பாவை உடைத்து வெயிலில் வைத்த மாதிரி. (தப்பு எங்கள் மேல்தான். பறவையைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று காவலர் சொல்லியிருந்தார்.)

இந்த எண்ணெயைத்தான் கேனட் பறவையின் காய்ந்த இரைப்பையில் ஊற்றி, தோல்பை மாதிரி கட்டி, வீட்டுக்குள் தொங்கவிட்டிருப்பார்கள். வாத வலிக்குத் தேய்ப்பது, காயத்துக்குப் பூசுவது, எல்லாம் அதுதான். பிறந்த குழந்தையின் தொப்புளில் தடவியதும் அதுதான் என்று சொல்கிறார்கள்.

சரி, இடுகாட்டுக்கு வருகிறேன். தெருவுக்குப் பின்னால் முட்டை வடிவத்தில் ஒரு மதில், உள்ளே புல், இரும்புக் கதவு. எழுத்துப் பொறித்த கல் கொஞ்சம்தான். மற்றவை வெறும் கல், முழங்கால் உயரம்கூட இல்லை, நட்டு வைத்திருக்கிறார்கள், அவ்வளவு. வழிகாட்டி கதவுக்கு வெளியே நின்றபடி, "இங்கே பிறந்த குழந்தைகள் நிறைய செத்தன. எல்லாம் சொந்தத்துக்குள்ளேயே கல்யாணம் செய்துகொண்டதால்" என்றார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், "வாங்க, தேவாலயத்தைப் பார்ப்போம்" என்று போய்விட்டார். மொத்தம் இரண்டு நிமிடம். பதினொரு பேர் பாறையில் மாட்டிய கதைக்கு இருபது நிமிடம் கொடுத்தவர்! ஒரு நட்சத்திரம் போனது அங்கேதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இந்தத் தீவில் பிறந்த குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பிழைக்கவில்லை. ஊர்க்காரர்கள் அதை எட்டு நாள் நோய் என்றே அழைத்தார்கள். 1758இல் வந்த கென்னத் மக்காலே என்ற பாதிரியார் எழுதி வைத்திருக்கிற குறிப்பு ஒன்று உண்டு: நாலாம் ஐந்தாம் நாள் குழந்தை பால் குடிப்பதை விட்டுவிடும், ஏழாம் நாள் ஈறு இறுகிவிடும், எதையும் உள்ளே செலுத்த முடியாது, அப்புறம் வலிப்பு, எட்டாம் நாள் முடிந்துவிடும். இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சில்லிட்டது. ஏனென்றால் இன்று எங்கள் பாடத்தில் இருக்கிற வரையறை கிட்டத்தட்ட இதுவேதான். முதல் இரண்டு நாள் நன்றாகப் பால் குடித்து அழுத குழந்தை, மூன்றாம் நாளுக்குப் பிறகு குடிக்க முடியாமல் போய், உடம்பு விறைத்து, வலிப்பு வந்தால் அது ரணஜன்னி, அதாவது டெட்டனஸ். கிருமி என்ற ஒன்று இருக்கிறதென்றே தெரியாத காலத்தில் ஒரு பாதிரியார் பார்த்ததைப் பார்த்தபடி எழுதியிருக்கிறார், அது அப்படியே பொருந்துகிறது.

"முதலில் நன்றாகக் குடித்தது" என்கிற இடத்தில்தான் நான் நின்றுவிடுவேன். குறைமாதக் குழந்தைக்கு ஆரம்பத்திலிருந்தே குடிக்க வராது, அது வேறு. இங்கே நாலு நாள் ஆசையாக உறிஞ்சிய குழந்தை ஐந்தாம் நாள் காலை மார்பில் வைத்ததும் வாயைத் திறக்காமல் முகத்தைத் திருப்பும். அந்த வீட்டில் ஏற்கெனவே இரண்டு குழந்தை போயிருக்கும், தாய்க்கு அது என்னவென்று அந்த நொடியே தெரிந்துவிடும். மீதி மூன்று நாள் வெறும் காத்திருப்புதான். இந்த நோயில் குழந்தைக்கு நினைவு தப்பாது, வெளிச்சம் பட்டால், யாராவது தொட்டால், கதவு சாத்தும் சத்தம் கேட்டால்கூட வலிப்பு வரும். தூக்கி மடியில் போட்டுத் தட்டக்கூட முடியாது. நான் இத்தனை வருடத்தில் ஒரு கேஸ் கூடப் பார்த்ததில்லை, என் வயதுள்ள நர்ஸ்கள் பலரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

வழிகாட்டி சொன்ன சொந்தக் கல்யாணக் காரணம் அவர் கண்டுபிடித்ததல்ல, அந்தக் காலத்திலேயே பலர் சொன்னது. கொழுப்பு நிறைந்த பறவைக்கறியைத் தின்ற தாயின் பால்தான் காரணம் என்றவர்களும் உண்டு. அதை உடைக்க நுண்ணோக்கி தேவையில்லை, ஒரு கேள்வி போதும்: நோய் நின்றபோது யார் மாறினார்கள்? கடைசிக் குழந்தை இந்த நோயில் இறந்தது 1891இல். அதற்குப் பிறகும் அதே குடும்பங்கள், அதே பறவைக்கறி, அதே சொந்தத்துக்குள் கல்யாணம். ஆனால் குழந்தைகள் பிழைத்தன. மாறியது தொப்புள்கொடியை வெட்டிய விதம் மட்டும்தான். அவரிடம் இதைச் சொன்னேன். "எனக்கு முன்னாடி இருந்தவர் இப்படித்தான் சொல்வார்" என்றார், நேர்மையான பதில்தான், ஆனால் இருநூறு பவுண்டு வாங்குகிற இடத்தில் அது போதாது.

டெட்டனஸ் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த ஊரின் வீடுகளைப் பார்த்தால்தான் அது புரியும். அந்தக் கிருமியின் வித்து மண்ணிலும், ஆடு மாடு குதிரையின் சாணத்திலும் வருடக்கணக்கில் சும்மா கிடக்கும், காய்ந்தாலும் சாகாது. அதற்குக் காற்றுப் பிடிக்காது. உயிரற்ற சதை, காற்றுப் படாத இடம், இரண்டும் ஒரே இடத்தில் கிடைத்தால் முளைத்துவிடும். வெட்டிய தொப்புள்கொடி நுனி என்பது அப்படியே அதற்குச் செய்து வைத்த இடம். அதன் மேல் எண்ணெயைப் பூசி மூடினால் கேட்கவே வேண்டாம். கிருமி உடம்பெல்லாம் பரவாது, இருந்த இடத்திலிருந்தே நஞ்சைச் சுரக்கும், அது நரம்பு வழியாக ஏறும். ஏறிச் சேர ஒரு வாரம் ஆகும். எட்டு நாள் கணக்கு அப்படி வந்ததுதான்.

ஹிர்ட்டாவின் பழைய வீடுகளில் குளிர்காலத்தில் மாடும் மனிதரும் ஒரே கூரையின் கீழ். சாம்பல், எரிக்க வெட்டிய புல்மண்ணின் தூள், கழிவு எல்லாம் தரையிலேயே அடுக்கடுக்காகச் சேரும், வசந்தத்தில் வெட்டி எடுத்து வயலுக்கு எருவாகப் போடுவார்கள். மரமே இல்லாத, உரம் வாங்க வழியில்லாத தீவில் அது புத்திசாலித்தனம், அழுக்கு என்று மூக்கைப் பொத்துவது சுலபம். அந்தத் தரையில், அந்த அடுப்போரத்தில்தான் பிரசவம். பார்க்கிறவளுக்கு கேலிக் மொழியில் முழங்கால்காரி என்று பெயர், பிரசவிப்பவளை முழங்காலில் தாங்கிப் பிடிப்பதாலோ, தான் முழங்காலிட்டு இருப்பதாலோ. எண்ணெய்தான் குற்றவாளி என்று இன்றுவரை யாரும் முடிவாக நிரூபிக்கவில்லை. கத்தியாக இருக்கலாம், கட்டிய துணியாக இருக்கலாம், கையாக இருக்கலாம், மூன்றுமாகவும் இருக்கலாம். 1697இல் வந்து தங்கி எல்லாவற்றையும் விலாவாரியாக எழுதிய மார்ட்டின் மார்ட்டின் இந்த நோயைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை என்பதால், 1727 அம்மைக்குப் பிறகு ஹாரிஸிலிருந்து கொண்டுவந்து குடியேற்றியவர்களோடு ஏதோ ஒரு வழக்கம் வந்திருக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அது பொருத்தமாகப் படுகிறது, அடித்துச் சொல்ல மாட்டேன்.

என்னை உறுத்துவது வேறு. அந்த முழங்கால்காரி குழந்தைக்குப் பூசியது வீட்டிலேயே விலை உயர்ந்த பொருளை. வாடகைக்குக் கொடுக்கக்கூடிய எண்ணெயை. அக்கறையில்தான் பூசினாள். என் ஜாக்கெட் கையின் நாற்றத்தோடு அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபோது இதுதான் ஓடியது. வழிகாட்டியும் மற்றவர்களும் தேவாலயத்துக்குள் போய்விட்டிருந்தார்கள். ஒரு சோவே ஆடு, பழுப்பு நிறம், மதிலோரம் மேய்ந்துகொண்டிருந்தது. உள்ளே சின்னக் கற்களை எண்ண ஆரம்பித்து இருபத்து மூன்றில் விட்டுவிட்டேன், எது கல், எது கல்லறைக் கல் என்று சொல்ல முடியவில்லை.

இன்னொன்று, இது எனக்குக் கோபம் வந்த இடம். ஐஸ்லாந்துக்குத் தெற்கே வெஸ்ட்மன் தீவுகள், அங்கே ஹேமேய் என்ற தீவு. அவர்களும் பறவை தின்றவர்கள், அவர்களுக்கும் இதே நோய், பெயர் கின்க்லோவி, பிறந்ததில் பாதிக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. டென்மார்க் அரசு 1847இல் பீட்டர் ஷ்லைஸ்னர் என்ற டாக்டரை அனுப்பியது. அவர் செய்தது: ஒரு சிறிய பிரசவ வீட்டை ஏற்பாடு செய்தார், குழந்தைகளைச் சுத்தமாக அங்கே வைத்துப் பார்த்தார், தொப்புளுக்கு ஒரு மரப்பிசின் தைலத்தைப் போட்டார். சாவு மளமளவென்று குறைந்தது. அந்த வீடு, லாண்ட்லிஸ்ட் என்று பெயர், இன்றும் அருங்காட்சியகமாக நிற்கிறது. இரண்டு வருடம் முன்பு போனோம், அதற்கு ஐந்துக்கு ஐந்து, பத்து நிமிடத்தில் சுற்றி வந்துவிடலாம், ஆனால் மணிக்கணக்கில் பேச விஷயம் இருக்கும். வியன்னாவில் செமல்வெய்ஸ் என்ற டாக்டர் பிரசவ வார்டு டாக்டர்களைக் கை கழுவ வைத்ததும் அதே 1847தான். ஆக, 1848 வாக்கில் வட அட்லாண்டிக்கின் ஒரு தீவில் விடை கிடைத்துவிட்டது. இன்னொரு தீவுக்கு அது வந்துசேர நாற்பது வருடத்துக்கு மேல் ஆனது. லிஸ்டர் என்ற அறுவை சிகிச்சை டாக்டர் கார்பாலிக் அமிலத்தைக் கிருமிநாசினியாக 1865இல் முயன்று பார்த்தது எங்கே? நான் வேலைக்குப் போகிற இதே கிளாஸ்கோவில். ஹிர்ட்டாவுக்கு மிக அருகில் இருந்த பெரிய நகரங்களில் ஒன்று அது!

யாருமே அக்கறைப்படவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் 1865 முதல் 1889 வரை இருந்த பாதிரியார் ஜான் மக்கே ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை மணிக்கணக்கில் நீட்டியதற்குத்தான் பெயர் போனவர், இந்த நோய் அவர் காலம் முழுக்க அப்படியே இருந்தது. கடவுள் சித்தம் என்று ஊரும் ஏற்றுக்கொண்டிருந்தது. 1889இல் ஆங்கஸ் ஃபிட்ஸ் வந்தார், அவரும் பாதிரியார்தான். ஜப்பானியரான கிடசாட்டோ டெட்டனஸ் கிருமியைத் தனியாகப் பிரித்து வளர்த்துக் காட்டிய வருடமும் அதுவே, ஆனால் ஃபிட்ஸுக்கு அது தேவைப்படவில்லை. அவர் கிளாஸ்கோவுக்குப் போய் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொண்டார். விக்டோரியா காலத்துப் பாதிரியார், கல்யாணமான பெண்கள் விஷயத்தில் தலையிடுவதே கூச்சமாக நினைக்கிற காலம், மனிதர் போய் உட்கார்ந்து கிருமிநாசினி எப்படிப் போடுவது, கொடியை எப்படி வெட்டிக் கட்டுவது என்று கற்றுக்கொண்டு திரும்பினார். முழங்கால்காரி லேசில் விட்டுக்கொடுக்கவில்லை. ஏன் கொடுக்க வேண்டும், காலம் காலமாக அவள் கையில் இருந்த வேலை. இருந்தும் பிடிவாதமாக நின்று சாதித்தார். 1891க்குப் பிறகு ஒரு குழந்தைகூட அந்த நோயில் போகவில்லை. தடுப்பூசி வருவதற்கு முப்பது வருடத்துக்கு மேல் முன்னால், வெறும் சுத்தமான கை, சுத்தமான கத்தி, சுத்தமான நூல்.

அவர் பிரசங்கம் செய்த தேவாலயத்துக்குள் நான் போனபோது எங்கள் குழு வெளியே வந்துகொண்டிருந்தது. உள்ளே வெள்ளையடித்த சுவர், மர பெஞ்சுகள், பக்கத்தில் ஒட்டியபடி பள்ளிக்கூட அறை. அந்தச் சின்ன மேசைகளைப் பார்த்தேன். 1891க்கு முன்னால் பிறந்தவர்களில் எத்தனை பேர் அந்த வயதை எட்டியிருப்பார்கள் என்று கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை.

ஆனாலும் தாமதம்தான். 1851இல் 110 பேர் இருந்தார்கள், மறு வருடமே 36 பேர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறினார்கள், பலர் வழியிலேயே இறந்தார்கள். வருடத்துக்கு இரண்டு மூன்று பிரசவம் நடக்கிற ஊரில் இரண்டு தலைமுறைக்குக் குழந்தை தங்காவிட்டால், அப்புறம் மலையில் கயிறு பிடிக்க, படகு துடுப்பு போட வாலிபர் எங்கிருந்து வருவார்கள்? வெளிப்படகு வந்துபோன சில நாளில் ஊரே இருமும் என்பது வேறு, அதற்கும் அவர்கள் ஒரு பெயர் வைத்திருந்தார்கள், அந்நியர் இருமல் என்று. 1930 ஆகஸ்ட் 29 அன்று மீதியிருந்தவர்களை ஹேர்பெல் என்ற போர்க்கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எத்தனை பேர்? அதே 36. வீட்டில் பைபிளைத் திறந்து வைத்து, பக்கத்தில் ஒரு பிடி ஓட்ஸ் வைத்துவிட்டுப் போன கதையை வழிகாட்டி சொன்னார், அது எல்லா இடத்திலும் எழுதியிருப்பதுதான், கேட்க நன்றாகவே இருக்கும்.

திரும்பி வந்த இரவு லெவர்பரோ அறையிலிருந்து பாளையங்கோட்டைக்கு வீடியோ கால் போட்டேன். ஜாக்கெட்டைக் காட்டினேன், கதையைச் சொன்னேன். அம்மா ஆச்சரியமே படவில்லை. "ஏட்டி, உனக்கு ஆச்சி வசம்பச் சுட்டுக் கரியாக்கி, வெளக்கெண்ணெயில கொழச்சு, தொப்புள்ல வச்சாவல்லா. நான் வேண்டாம்னு சொன்னா கேக்கவா செய்தாவ?" என்றாள். எனக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது, இத்தனை வருடம் சொல்லவே இல்லை. "ஒண்ணும் ஆவலையே?" என்று சிரிக்கிறாள். ஆகவில்லைதான். காரணம் ஆச்சியின் கைராசி இல்லை. மாசமாக இருந்தபோது ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா அம்மாவுக்கு இரண்டு டிடி ஊசி, அதாவது டெட்டனஸ் தடுப்பூசி, போட்டிருக்கிறார். அந்த எதிர்ப்புச் சக்தி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கு வந்துவிடும், பிறந்த பிறகு முதல் சில மாதம் அதுதான் காவல். சுத்தமான கத்தி ஒரு பக்கம், ஊசி ஒரு பக்கம். இந்தியாவில் இந்த நோய் ஒழிக்கும் அளவுக்குக் குறைந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் ஒப்புக்கொண்டது 2015இல்தான், நேற்று மாதிரி. "சரி, அந்தப் பாதிரியாரு பேரு என்ன சொன்ன?" என்று அம்மா கேட்டாள், சொன்னேன், திருப்பிச் சொல்லிப் பார்த்து, "பேரே வாயில நுழையல" என்று விட்டுவிட்டாள்.

போகிறவர்களுக்கு: வருடம் முழுக்கப் படகு கிடையாது, கோடையை ஒட்டித்தான். பஃபின் பறவையைப் பார்க்க வேண்டுமென்றால் ஜூலை முடிவதற்குள் போங்கள், ஆகஸ்டில் காலியாகிவிடும். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள், நாங்கள் எலுமிச்சை சாதம் கொண்டுபோனோம், குளிரில் கெடவே இல்லை. கடை ஒன்று உண்டு, தபால் அட்டை, புத்தகம் கிடைக்கும், பசிக்கு எதுவும் எதிர்பார்க்காதீர்கள். கோனகேர் உச்சி வரை ஏறினால், போக வர இரண்டரை மணி நேரம் போய்விடும், மீதி நேரத்தில் ஊரைச் சரியாகப் பார்க்க முடியாது, எங்களவர் ஏறினார், நான் ஏறவில்லை, இரண்டு பேருக்குமே வருத்தமில்லை. கேப்டன் ஐந்துக்கு ஐந்து, கடல் தெரிந்த மனிதர், திரும்பும்போது ஸ்டாக் லீ என்ற இன்னொரு பாறைத்தூணைச் சுற்றி மெதுவாக ஓட்டினார், தலைக்கு மேலே கேனட் பறவைகள் பனி பெய்கிற மாதிரி. வழிகாட்டி பாறைக் கதைக்கு ஐந்து, இடுகாட்டுக்கு ஒன்று. குழுவோடேயே நடக்க வேண்டிய கட்டாயம் இல்லை, கரை இறங்கியதும் சொல்லிவிட்டுத் தனியாகப் பிரியலாம், முதல் அரை மணி நேரத்திலேயே அந்த மதிலுக்குப் போய்விடுங்கள், அப்போது அங்கே ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

ஃபுல்மாரிடமிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நில்லுங்கள். ஜாக்கெட்டை மூன்று தடவை துவைத்தாயிற்று, ஒரு தடவை வினிகரில், ஒரு தடவை சமையல் சோடாவில். பால்கனியில்தான் தொங்குகிறது.